ஒற்றைத் தண்டாக்கிய நாற்பது மரங்கள்

மகனே,

உன் மகள் கவி இப்போது வாசற்படியில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருக்கிறாள். சித்திரை லீவுக்கு இங்கே வந்ததிலிருந்து இது நாலாவது தடவை. பட்டிப்பொல மழையில் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் எங்கும் போகவில்லை. பிறகு எதற்குப் பூசுகிறாய் என்று கேட்டால், "ஹட்டனுக்குப் போறப்ப பளபளன்னு இருக்கணும் தாத்தா" என்கிறாள். அவள் கொண்டுவந்த சிவப்புப் பை கதவுக்குப் பக்கத்தில் மூடியபடியே இருக்கிறது. உடுப்பு எடுக்கத் திறப்பாள், எடுத்ததும் மற்றவற்றை மடித்து வைத்து மறுபடி மூடிவிடுவாள். அலமாரியில் ஒரு தட்டை அவளுக்காக ஒழித்துக் கொடுத்தேன். ஆறு வயதுப் பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள். அந்தத் தட்டு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

பத்து நாளைக்கு முன் நீ போன் எடுத்தாய். வைகாசியில் கல்யாணம், எல்லாம் முடிவாகிவிட்டது என்றாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கவியின் அம்மா போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருடமும் நீ பட்டபாடு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாய்: "அப்பா, கல்யாணத்துக்குப் பொறகு நாங்க பொண்ணு வீட்டு மேல்மாடியிலதான் இருக்கப் போறோம். எல்லாம் புதுசா ஆரம்பிக்கிற நேரம். கவி கொஞ்ச நாளைக்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும். அங்கயே ஸ்கூல்ல சேத்து விட்ருங்க." நான் சரி பார்ப்போம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? எனக்கு ஆசையாக இருந்தது. உன் அம்மா இறந்து நாலு வருடமாக இந்த வீட்டில் ரேடியோவைத் தவிர யாரும் என்னோடு பேசுவதில்லை. காலையில் ஒரு பிள்ளை எழுந்து வந்து பால் விடாத என் சாயத் தண்ணியில் பிஸ்கட்டை முக்கித் தின்றால் எந்தக் கிழவனுக்குத்தான் விட மனம் வரும்? அதனால் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உனக்கு என்னைவிட அதிகமாக வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். கவியை நீ இங்கே விடக்கூடாது. உன்னோடு கூட்டிப் போக வேண்டும். இதை மொட்டையாகச் சொன்னால் நீ கேட்கமாட்டாய், காரணம் கேட்பாய். காரணத்தில் பாதி மலையில் இருக்கிறது, பாதி ராகலையில் இருக்கிறது. மலையை முதலில் சொல்கிறேன். ராகலையைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

நான் காட்டு வேலைக்கு வருவதற்கு முன் ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியது உனக்குத் தெரியும். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. வெட்டிய மலையைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஓர் இலை இருக்காது. ஆனால் சும்மா போய் வெட்டிவிட மாட்டார்கள். முதலில் கண்டாக்கு ஐயா வருவார். மலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். நாலைந்து செடியின் அடியைத் தோண்டி, பென்சில் பருமனில் ஒரு வேரை நறுக்கி, அதில் அயடின் தடவிப் பார்ப்பார். வேர் கருநீலமானால் உள்ளே மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால், "இன்னும் கொஞ்ச நாள் ஆறப் போடுங்கப்பா, இப்ப வெட்டினா எழும்பாது" என்று போய்விடுவார். வெட்டுப்பட்ட செடி துளிர்ப்பதற்கு இலை உதவாது, வெயில் உதவாது. வேரில் ஏற்கெனவே சேர்த்து வைத்ததைத் தின்றுதான் அது எழும்ப வேண்டும். இதெல்லாம் இருபது வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, தேயிலைக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பட்டிப்பொலவுக்கு வந்து காட்டு நாற்றுமேடையில் கூலிக்குச் சேர்ந்தேன். உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது மலைக்கு மேலே பத்தனைப் புல்வெளியில் தீப் பிடித்ததே, நினைவிருக்கிறதா? வீட்டுக் கூரையில் சாம்பல் விழுந்தது என்று நீ ஓடி ஓடிக் கையில் பிடித்தாய். புல்வெளி ஓரத்தில் மஹரத்மல் மரங்கள் நின்றன. சிங்களத்தில் அப்படித்தான் பெயர். மாசி பங்குனியில் கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்குமே, அது. தீயில் அவை கரிக்கட்டையாகிப் போயின. எல்லாம் செத்தது என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். இரண்டு மழை பெய்தது. ஒவ்வொரு கரிக்கட்டையின் அடியிலிருந்தும் பத்து, பதினைந்து துளிர் பீறிக்கொண்டு வந்தது. இலையின் அடிப்பக்கம் துருப்பிடித்தது மாதிரி பழுப்பு. நான் அதுவரை கண்டதிலேயே அழகான காட்சி அதுதான் என்று உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். "என்னயப் பாத்து ஒரு நாள் இப்பிடிச் சொன்னதில்ல" என்றாள்.

அந்த மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். ஒல்லியான ஆள், எங்களைவிட வேகமாக மலை ஏறுவார், என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவை கண்டிக்குப் போகும்போது, மரங்களைச் சுற்றிப் புல்லை மட்டும் துப்புரவாக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் புல்லை வெட்டினேன். வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வோர் அடிக்கட்டையிலும் அத்தனை துளிர், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. என் கை சும்மா இருக்குமா? தோட்டத்தில் விறகுக்கு வளர்க்கிற யூகலிப்டஸ் மரத்தை வெட்டினால், அடிக்கட்டையில் வருகிற துளிர்களில் நேரான ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் கழித்துவிடுவோம். அப்போதுதான் அந்த ஒன்று நெடுநெடுவென்று ஏறும். அதையே இங்கேயும் செய்தேன். நல்ல தடிப்பானதாக, நேரானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற எல்லாவற்றையும் கத்தியால் சீவிவிட்டேன். மூன்று நாளில் நாற்பது மரம். நாற்பத்தோராவது மரத்துக்குப் போகும்போது மூடுபனி இறங்கிக் கண் தெரியாமல் போனதால் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். மிஸ் வந்து மெச்சுவார் என்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மிஸ் வந்தார். முதல் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, இதுக்கு என்ன நடந்தது?"

"கழிச்சு விட்டேங்க மிஸ். நல்லதா பாத்து ஒண்ண விட்ருக்கேன். இனி நேரா வளருங்க."

"எது நல்லது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். புல்லில் உட்கார்ந்து, சீவிப் போட்ட துளிர்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இது நேரா வளர வேண்டிய மரம் இல்லை ஐயா. இந்த மலையில காத்து ஒரு தண்டை முறிக்கும், பனி ஒண்டைக் கருக்கும், மிச்சம் நிக்கும். அதுக்குத்தான் இத்தினை தண்டு விடுது. எது நிக்கப் போகுது எண்டு மரத்துக்கே தெரியாது. நீங்கள் முடிவெடுத்துப் போட்டியள்."

என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். ஒரு கொப்பியைக் கையில் தந்து, நான் வெட்டிய நாற்பது மரத்துக்கும் மாதா மாதம் என்ன நடக்கிறது என்று நானே பார்த்து எழுத வேண்டும் என்றார். எழுதினேன். ஆடிக் காற்றில் பாதிக்கு மேல் முறிந்தன. பக்கத்தில் துணைக்கு ஒன்றும் இல்லாமல் ஒற்றையாக உயர்ந்த தண்டு, உள்ளே இன்னும் முற்றவில்லை, காற்று வந்து அடித்ததும் அடியோடு மடங்கிப் போயிற்று. மிச்சம் நின்றதில் சிலவற்றைத் தை மாதத்துத் துகள் பனி கருக்கியது. நான் விட்டுவந்த நாற்பத்தோராவது மரத்துக்கும் அதே காற்று, அதே பனிதான். வெளிவட்டத்துத் தண்டுகள் அடிவாங்கிச் செத்தன, உள்ளே ஏழு தண்டு பத்திரமாக நின்றது. மிஸ் ஏழுக்கும் ஏழு தகரத் தகடு கட்டச் சொன்னார். ஆனால் கொப்பியில் ஒரு மரம் என்றுதான் எழுத வேண்டும் என்றார். கீழே கையை விட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே வேரில் முடியும்.

என் மரங்கள் எல்லாமே செத்துவிடவில்லை, பொய் சொல்லக்கூடாது. முறிந்தவற்றில் சில மறுபடியும் துளிர்த்தன. நான் ஆகாயத்துக்குத் துள்ளிக்கொண்டு போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "சந்தோஷம்தான் ஐயா. ஆனா முதல் வந்தது மாதிரி இல்லை, பாருங்கோ, மெலிஞ்சு கிடக்கு. வேரில இருக்கிறதை எடுத்துத்தான் ஒவ்வொரு தரமும் வருது. எத்தினை தரம் எடுக்கலாம்?" என்றார். அப்போதுதான் கண்டாக்கு ஐயாவின் அயடின் போத்தல் எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போயிற்று.

மரத்தைக் காட்டி எனக்குப் பாடம் நடத்துகிறார் அப்பா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இனிமேல்தான் ராகலை.

உனக்கு ராகலை அக்காவைத் தெரியும். ராணி அக்கா. தேர்த் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் பார்ப்போம், உனக்கென்று கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவருவாள், என்னைப் பெரியப்பா என்பாள். சொந்தக்காரப் பிள்ளை என்று நாங்கள் சொன்னதை நீ அப்படியே நம்பினாய், எந்தச் சொந்தம் என்று கேட்டதில்லை. மகனே, ராணி என் மகள். உன் அம்மாவுக்கு முன் எனக்கு ஒரு மனைவி இருந்தாள். காய்ச்சலில் ஐந்து நாளில் போய்விட்டாள். ராணிக்கு அப்போது மூன்று வயது. மனைவியின் தங்கை அதே தோட்டத்தில் இருந்தாள், கல்யாணமாகிப் பிள்ளைகளோடு. "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கம்மா, நான் ஒரு வேல பாத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான் பட்டிப்பொலவுக்கு வந்தேன். நீ போனில் சொன்ன அதே வார்த்தை.

மூன்று வருடம் கழித்து உன் அம்மாவைக் கட்டினேன். உன் அம்மாவின் அப்பா, முதல் தாரத்துப் பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது என்று ஒரு பேச்சுப் போட்டார். நான் சரி என்றேன். இத்தனை வருடமும் அந்த மனிதர் தலையில்தான் பழியைப் போட்டு வந்தேன், என் மனதுக்குள்ளே. ஆனால் உண்மை வேறு. உன் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. நீ வயிற்றில் இருந்தபோது, ஒரு நாள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே அவளாகத்தான் சொன்னாள்: "ராகலைக்குப் போயி புள்ளையக் கூட்டிட்டு வாங்க. எங்கப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா வளரட்டும்." அப்படி ஒரு மனுஷி. நான் என்ன சொன்னேன்? கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். புது வீடு, புது வேலை, புதுப் பெண்டாட்டி, பிறக்கப் போகிற பிள்ளை. எல்லாம் நேராக, துப்புரவாக ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பிறகு நீ பிறந்தாய். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதேயில்லை, நாள் ஓடியது. உனக்கு விவரம் தெரிகிற வயதில், இவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் அதைக் கடைசிவரை காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

நான் ராகலைக்குப் போகாமல் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிஸ்கட் பெட்டியோடு போவேன். ராணி என் முன்னால் வரமாட்டாள். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், பாவாடை நுனி மட்டும் தெரியும். சித்தியின் பிள்ளைகள் என்னைப் பெரியப்பா என்றார்கள், அவளும் அப்படியே பழகினாள், சித்தியை அம்மா என்றாள், நான் திருத்தவில்லை. பிள்ளைக்கு என்னை அடையாளம் இல்லாமல் போய்விட்டது, சித்தியோடு நன்றாகப் பழகிவிட்டாள், இப்போது பிடுங்கிக்கொண்டு போவது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார். சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிடுவேன்.

ஒன்று உனக்கு நினைவிருக்கலாம். நான் அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்த வருடம், மார்கழி லீவுக்கு உன் அம்மா வற்புறுத்தி ராணியை ஒரு கிழமைக்கு இங்கே வரவழைத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. நீ அவள் முதுகைவிட்டு இறங்கவில்லை. ஒரு நாள் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டதும் தன் சால்வையை உன் தலையில் போட்டு மூடி, தான் நனைந்து வந்து சேர்ந்தாள். போகிற அன்று ஸ்டேஷனில் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஏன் போகணும்? இங்கயே இருக்கட்டும்பா" என்று அழுதாய். நான், "அவ வீட்டுக்கு அவ போகணும்ல" என்றேன். ராணி என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமில்லை. கோச்சி கிளம்பிய பிறகு நான் வீட்டுக்கு வராமல் நேரே மலைக்குப் போய் முறிந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கை செய்த வேலை என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பத்து நாளைக்கு முன் நீ போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மக்கு மண்டை, மெதுவாகத்தான் ஏறும்.

எல்லோரும் உனக்கு ஒன்று சொல்வார்கள். பிள்ளைதானே, பழகிக்கொள்ளும் என்பார்கள். பழகிக்கொள்ளும்தான். ராணி பழகவில்லையா? படித்தாள், நல்ல மனிதனைக் கட்டினாள், இரண்டு பிள்ளை பெற்றாள், காய்கறித் தோட்டத்தில் லீக்ஸ் போட்டிருக்கிறாள், யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. அவளைப் பார்த்துப் பார்த்து, பார், நான் செய்தது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று நிம்மதிப்பட்டிருக்கிறேன். வெட்டினவனே துளிரைப் பார்த்துப் பெருமைப்படுகிற மாதிரி. அவள் எழும்பியது அவளுடைய வேரைத் தின்று. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. கவியின் வேரில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தாள், அதற்கே ஒரு தடவை எழும்பிவிட்டாள். பிள்ளைக்கு அயடின் தடவிப் பார்க்க முடியாது, மகனே.

நீ கட்டப்போகிற பெண்ணை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். நல்ல முகம், கலகலவென்று பேசினாள். கவியை விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவள் கேட்டாளா, அல்லது அவள் வீட்டுப் பெரியவர் யாராவது ஜாடையாகச் சொன்னார்களா, அல்லது யாருமே சொல்லாமல் நீயாக நினைத்துக்கொண்டாயா? உன்னை எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை, மூன்றாவதுதான் என்று எனக்குச் சந்தேகம். அவளிடம் நேராகக் கேள். முடியாது என்று அவள் சொன்னால் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. முடியும் என்றால், நான் உன் அம்மாவுக்குச் செய்ததை நீ அவளுக்குச் செய்தவனாக இருக்கமாட்டாய். ஒரு நல்ல மனுஷியைக் கேட்காமலேயே கெட்டவளாக்கி வைத்திருந்தேன் நான். இது ராணிக்குச் செய்ததற்குக் குறைந்த பாவமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கவியைக் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் போனேன். ஒரு நாள் பயணம்தான், இருந்தும் கவி சிவப்புப் பையை எடுத்துக்கொண்டாள். நுவரெலியாவில் பஸ் மாறும்போது நான் வாங்கக் கேட்டேன், தரவில்லை. ராணி மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கவியை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன்:

"ராணி, தம்பிக்கு உண்மைய எழுதப் போறேன்."

"இத்தன வருஷம் இல்லாம இப்ப எதுக்கு?" என்றாள், கையை நிறுத்தாமல்.

கவியின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு என்று நீ சொன்னதையும் சொன்னேன். ராணி திரும்பிக் கவியைப் பார்த்தாள். கவி மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ராணியின் கையிலிருந்த லீக்ஸ் கட்டு தண்ணீரில் விழுந்து போயிற்று. அவள் எடுக்கவில்லை.

"எனக்கும் ஒரு பை இருந்துச்சு பெரியப்பா" என்றாள். "பச்சக் கலரு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா உடுப்பெல்லாம் மடிச்சு அதுல வச்சுருவேன். நீங்க சாயத் தண்ணி குடிச்சிட்டு எழும்புறப்ப கூப்புடுவீங்க, ஒடனே கெளம்பணும்னு பையோட கதவுக்குப் பின்னால நிப்பேன். பன்னண்டு வயசுலதான் அவுத்தேன். அப்புறம் அம்மா அதுல வெங்காயம் போட்டு வச்சாங்க."

மகனே, அவள் என்னைக் கண்டு ஒளிந்துகொள்கிறாள் என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் புறப்பட்டு நின்றிருக்கிறாள். கதவை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை நான். பீலிக் கரையில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தெட்டு வயதுக்காரன், பேத்தி பார்க்கப் பார்க்க. ராணி என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்ச் சாயத் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மன்னித்துவிடு என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு வாறேன். என்ன மொறையில வர்றதுன்னு தம்பி சொல்லட்டும்" என்றாள். பிறகு கவியின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "பையி கனமா இருக்கா?" என்று கேட்டாள். கவி ஆமாம் என்றாள். "வச்சுக்க. விட்றாத. நான் ஒனக்கு அத்த" என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கவி, எனக்கு ஓர் அத்தை இருக்கிறார் என்று கண்டக்டருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். ராணி என்னை இன்னும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் வாயில் வருவது அதுதான், அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், வர வேண்டியதுதான். ஓர் அக்காவை உனக்குத் தெரியாமல் முப்பத்து நாலு வருடம் மறைத்து வைத்தவனிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவாய்? ஆனால் அந்தக் கோபத்தில் கவியின் விஷயத்தைத் தள்ளிப்போடாதே. கோபத்தை ஆற அமரப் பட்டுக்கொள்ளலாம், நான் இங்கேதான் இருப்பேன். பிள்ளையின் நாள் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. லீவுக்கு அனுப்பு, எத்தனை லீவுக்கு வேண்டுமானாலும் அனுப்பு. அந்த நாற்பத்தோராவது மரம் இப்போதும் நிற்கிறது, ஏழு தண்டும் என் கைப் பருமன் ஆகிவிட்டது. அடுத்த தடவை நீங்கள் எல்லோரும் வாருங்கள், காட்டுகிறேன். ராணியும் அதை இன்னும் பார்த்ததில்லை.

இன்று காலையில் பக்கத்து வீட்டு அம்மா, பாப்பா இங்கேயே பள்ளிக்கூடம் போகப் போகிறாளாமே என்று கவியின் காதுபடச் சொல்லிவிட்டாள். கவி என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "தாத்தா, பைய அவுக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் பாப்பா. கட்டினபடியே இருக்கட்டும்" என்றேன். அதற்குப் பிறகுதான் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சனிக்கிழமைக் காலைக் கோச்சியில் அவளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வருகிறேன். யாரையும் அனுப்பாதே, ஸ்டேஷனுக்கு நீயே வா. அந்தப் பையை அவள் இதுவரை யார் கையிலும் கொடுக்கவில்லை. நீ வாங்கிக்கொள்.

உனக்கும் ராணிக்கும்,
அப்பா